பார்த்துக் கற்ற ஓவியர் ரவிவர்மா

எங்கள் பள்ளியின் வரவேற்பறையில் சபையை நிறுவிய அன்னையின் உருவப்படம் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. முதல் வகுப்பில் சேர வந்த நாளில், அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தின் முன் நின்றது எங்களில் பலருக்கு இன்னும் நினைவிருக்கிறது. அறையின் எந்த மூலைக்குச் சென்றாலும் அன்னையின் கண்கள் எங்களையே பார்ப்பதுபோல் தோன்றியது. பயமும் வியப்பும் கலந்து வந்தன. வளர்ந்த பிறகுதான் ஒரு கேள்வி எழுந்தது. என்றோ மறைந்த ஒருவரின் முகத்தை, உதட்டோரத்துப் புன்னகையோடு நமக்காகக் காத்து வைத்த ஓவியர், அந்த வித்தையை யாரிடம் கற்றிருப்பார்?

இத்துடன் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பள்ளிக் கண்காட்சிக்காக நாங்கள் முகங்கள் வரையப் பழகிய நேரம் அது. மூக்கின் ஓரத்தில் நிழல் விழச் செய்வதும், கண்மணியில் ஒளிப்புள்ளி வைப்பதும் எங்களில் சிலருக்குக் கைவந்துவிட்டன. மற்றத் தோழியர் வந்து எப்படி என்று கேட்டபோது நாங்கள் நோட்டை மூடிக்கொண்டோம். பரிசு கைநழுவிப் போய்விடுமோ என்ற அற்ப பயந்தான் காரணம். அதைக் கண்ட எங்கள் ஓவிய ஆசிரியை கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஓவியர் ரவிவர்மாவின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். அதைக் கேட்ட பின் நூலகத்திலும் தேடிப் படித்தோம். படித்ததை இம்மலரின் வழியாக உங்கள் முன் வைக்கிறோம்.

கரிக்கட்டியும் சுவரும்

திருவிதாங்கூர் நாட்டில் கிளிமானூர் என்பது ஒரு சிற்றூர். அங்கிருந்த அரண்மனைக் குடும்பத்தில் 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். தந்தையார் நீலகண்டன் பட்டத்திரிப்பாடு வடமொழியில் வல்லவர். தாயார் உமாம்பாபாய் தம்புராட்டி கவிதை இயற்றும் ஆற்றல் பெற்றவர். பார்வதி சுயம்வரம் என்னும் துள்ளல் பாட்டு அவர் எழுதியதே. அந்நாட்டின் தாய்வழி மரபுப்படி, தாயின் இல்லத்திலேயே, தாய்மாமன் ராஜராஜவர்மாவின் பார்வையில் ரவிவர்மா வளர்ந்தார்.

சிறுவனுக்குக் கரிக்கட்டி கையில் கிடைத்தால் போதும். அரண்மனைச் சுவர்களெல்லாம் விலங்குகளும் மனிதர்களுமாக நிறைந்துவிடும். வெள்ளையடித்த சுவர் பாழாயிற்றே என்று வேலையாட்கள் புலம்பினர். ஆனால் மாமன் அந்தக் கோடுகளை நின்று பார்த்தார். அவரும் ஓவியர். அடிக்கு அஞ்சி நின்ற மருமகனுக்குப் பாடம் கிடைத்தது. நம் வீட்டுச் சுவரில் கிறுக்கும் தம்பி தங்கையரை அதட்டும் முன், பெற்றோர்களும் நாமும் ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மாமன் கற்றிருந்தது தஞ்சாவூர் மரபு. பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணக் கலவை பூசி, தங்க ரேக்கும் கண்ணாடிக் கற்களும் பதித்துத் தெய்வ உருவங்களைச் செய்யும் முறை அது. நம் தமிழ்நாட்டின் பெருமைமிக்க கலை. ஆயினும் அதில் தெய்வத்தின் முகத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. ஓவியர் அந்த இலக்கணத்தைத்தான் வரைவார். எதிரே அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் சாயலை அப்படியே பிடிப்பது அதன் நோக்கமன்று. அந்தச் சாயலைப் பிடிப்பதில்தான் சிறுவன் ரவிவர்மாவின் மனம் ஓடிற்று.

மூடியிருந்த கதவு

1862-இல், பதினான்கு வயதில், மாமன் அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றார். ஆயில்யம் திருநாள் மகாராஜா அப்போது ஆட்சி செய்துகொண்டிருந்தார். கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் திவானாக இருந்தார். மகாராஜா சிறுவனின் படங்களைப் பார்த்து மகிழ்ந்து, தலைநகரிலேயே தங்கிக் கற்குமாறு ஏற்பாடு செய்தார். அரண்மனை நூலகத்தில் ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் இருந்தன. அவற்றைப் பார்த்த ரவிவர்மாவுக்கு ஒன்று விளங்கியது. அந்த முகங்களில் கன்னத்தின் வெளிச்சம் மெல்ல மெல்ல நிழலுக்குள் இறங்குகிறது; எங்கே வெளிச்சம் முடிகிறது, எங்கே நிழல் தொடங்குகிறது என்று கோடு கிழித்துச் சொல்ல முடிவதில்லை.

இதன் இரகசியம் எண்ணெய் வண்ணத்தில் இருந்தது. நீரில் கரைத்த வண்ணம் தீட்டியவுடனே காய்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணமோ நாள்கணக்கில் ஈரமாக இருக்கும். எனவே ஒரு நிறத்தை மற்றொரு நிறத்துக்குள் தூரிகையால் இழைத்துக்கொண்டே போகலாம்; முதல் நாள் தீட்டியதை மறுநாள் திருத்தலாம். மனிதத் தோலின் நிறத்துக்கு இதைவிட ஏற்ற முறை வேறில்லை.

அரண்மனையில் இந்த முறையை அறிந்தவர் அரசவை ஓவியர் ராமசாமி நாயக்கர். ஆனால் அவர் தம் வித்தையைப் புதிதாக வந்த இளைஞனுக்குச் சொல்லித்தர விரும்பவில்லை. இதற்காக அவரை எளிதில் பழித்துவிடலாம். ஆயினும் நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நாளில் ஓவியருக்கு நிலமோ பட்டமோ கிடையாது. கைத்திறமையே சொத்து, அதைக் கற்றுக்கொண்டவன் நாளை தம் இடத்தில் வந்து அமர்ந்துவிடுவான் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கும். கண்காட்சிப் பரிசுக்காக நோட்டை மூடிக்கொண்ட எங்களுக்கு அவர்மேல் கல்லெறிய ஏது தகுதி?

அரசவை ஓவியரின் மாணவர்களுள் ஆறுமுகம் பிள்ளை என்று ஒருவர் இருந்தார். குருவுக்குத் தெரியாமல் இரவு நேரங்களில் வந்து, தாம் அறிந்த அளவுக்கு ரவிவர்மாவுக்கு அவர் சொல்லிக் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகிறார்கள். பெரும் புகழ் அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் ரவிவர்மாவின் வாழ்வில் அந்த இரவுகளை நீக்கிவிட்டுப் பார்க்க முடியாது.

1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் குடும்பத்தினரை வரைவதற்காகத் திருவனந்தபுரம் வந்தார். ரவிவர்மாவுக்கு அப்போது இருபது வயது. ஜென்சனும் கற்றுத்தர இணங்கவில்லை. மகாராஜாவின் வேண்டுகோளுக்காக, தாம் வரைவதைப் பார்த்துக்கொண்டிருக்க மட்டும் இடங்கொடுத்தார். ரவிவர்மா பார்த்தார். எந்த நிறத்தோடு எதைக் குழைக்கிறார், முதலில் நிழலைத் தீட்டுகிறாரா ஒளியைத் தீட்டுகிறாரா, தூரிகையை எங்கே அழுத்துகிறார், எங்கே தூக்குகிறார் என்று ஒவ்வொன்றையும் கண்ணால் உண்டார். பின் தம் அறைக்கு வந்து தாமே செய்து பார்த்தார், தவறினார், மீண்டும் செய்தார். ஆசிரியர் விளக்கிச் சொல்லியும் கவனியாதிருக்கும் மாணவியர் நம்மிடையே உண்டு. யாரும் விளக்காமலே கவனித்த ஒருவரை இங்கே காண்கிறோம்.

உலகின் மறுபக்கத்தில்

இத்தகைய வாழ்க்கை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ரவிவர்மாவுக்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், அமெரிக்கா ஆங்கிலேயரின் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், பாஸ்டன் துறைமுக நகரில் ஜான் சிங்கிள்டன் கோப்லி என்ற ஓர் இளைஞர் இருந்தார். புகைப்படம் தோன்றாத காலம். தம் முகம் பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் நிலைக்க வேண்டுமென்று விரும்பிய வணிகர்கள் உருவப்பட ஓவியரையே நாடினர். ஆனால் கற்றுத்தரும் ஓவியப் பள்ளி அங்கே இல்லை. கோப்லியின் மாற்றாந்தந்தை செப்புத்தகட்டில் படம் செதுக்கி அச்சிடுபவர். அந்த வீட்டுக் கருவிகளையும், ஐரோப்பாவிலிருந்து வந்த அச்சுப் படங்களையும் பார்த்தே கோப்லி பெரும்பாலும் கற்றார். 1765-இல் தம் தம்பியை ஒரு சிறு அணிலோடு வரைந்து, அப்படத்தைக் கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்பினார். மறு ஆண்டு அங்கே காட்சிக்கு வைக்கப்பட்ட அப்படம் புகழ் பெற்றது.

அதே நாட்டில் கில்பர்ட் ஸ்டூவர்ட் என்னும் ஓவியர் 1796-இல் குடியரசுத் தலைவர் வாஷிங்டனின் முகத்தை வரைந்தார். அந்தப் படத்தை வேண்டுமென்றே முடிக்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பல பிரதிகள் வரைந்து விற்றார். இன்று ஒரு டாலர் நோட்டில் நாம் காணும் வாஷிங்டனின் முகம் அதிலிருந்து வந்ததுதான். ஒரே முகம் எண்ணற்ற கைகளுக்குப் போய்ச் சேர்ந்த இச்செய்தியைத் தோழியர் நினைவில் வைத்திருங்கள். நம் ரவிவர்மாவின் வாழ்விலும் இதைப்போல் ஒன்று நிகழ இருக்கிறது.

சென்னையில் கிடைத்த பதக்கங்கள்

1870-இல் ரவிவர்மா கொல்லூர் மூகாம்பிகை கோயிலுக்குச் சென்று 41 நாள் விரதமிருந்தார். அதை ஒட்டிக் கோழிக்கோட்டில் துணை நீதிபதியாக இருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனனின் குடும்பத்தை வரைந்து கொடுத்தார். பொருள் பெற்று அவர் வரைந்த முதல் படம் இதுவே என்பர். அரச குடும்பத்தோடு தொடர்புடைய ஒருவர் கூலிக்கு வரைவதா என்று முகஞ்சுளித்தவர்களும் இருந்தனர். ரவிவர்மா அதைப் பொருட்படுத்தவில்லை. உழைப்புக்கு ஊதியம் வாங்குவதில் இழிவில்லை என்பதை அவர் தம் வாழ்நாள் முழுவதும் நடந்து காட்டினார். 1871-இல் மகாராஜா அவருக்கு வீரசிருங்கலை என்னும் விருதளித்துப் பெருமைப்படுத்தினார்.

1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு, மல்லிகைச் சரத்தைக் கூந்தலில் சூடும் நாயர் பெண்மணி ஒருத்தியின் படத்தை அனுப்பினார். ஐரோப்பிய ஓவியர்களும் கலந்துகொண்ட கண்காட்சி அது. ஆளுநரின் தங்கப் பதக்கம் ரவிவர்மாவுக்குக் கிடைத்தது. அதே படம் வியன்னா நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கும் சென்று பரிசு பெற்றது. அடுத்த ஆண்டு அவர் அனுப்பிய படம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஸ்வரபத் என்னும் நரம்புக் கருவியை மீட்டும் ஒரு தமிழ்ப் பெண்ணின் படம் அது. அதற்கும் தங்கப் பதக்கம் கிடைத்தது. 1875-இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குத் திருவிதாங்கூர் மகாராஜா அப்படத்தைப் பரிசாக வழங்கினார்.

1876-இல் சகுந்தலை தாமரை இலையில் மடல் எழுதும் காட்சியை வரைந்தார். அதைச் சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் விலைக்கு வாங்கினார். சகுந்தலை நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்த மோனியர் வில்லியம்ஸ் தம் நூலின் முகப்பில் அப்படத்தைச் சேர்த்துக்கொண்டார். சென்னையில் பக்கிங்காம் கால்வாய் என்று ஒன்றுண்டே, அது இந்த ஆளுநரின் பெயரைத் தாங்கியதுதான். 1878-இல் அவருடைய முழு உருவப் படத்தை அரசு மாளிகைக்காக ரவிவர்மா தீட்டினார். ஓர் ஐரோப்பிய ஓவியரின் முன் பதினெட்டு முறை அமர்ந்தும் கிடைக்காத சாயல், இவரிடம் மிகக் குறைந்த நேரத்திலேயே கிடைத்துவிட்டது என்று ஆளுநர் வியந்ததாகச் சொல்வதுண்டு. பார்க்க மட்டும் அனுமதிக்கப்பட்ட இளைஞர், பத்தாண்டுகளில் சென்னை ராஜதானியின் தலைவரைத் தம் எதிரே அமர வைத்து வரைந்தார்.

அரண்மனைகளும் கடல் கடந்த படங்களும்

அதன்பின் அழைப்புகள் குவிந்தன. 1881-இல் பரோடாவுக்குச் சென்று சாயாஜிராவ் கெய்க்வாட் மன்னரின் முடிசூட்டு விழாவை ஒட்டிப் படங்கள் வரைந்தார். 1885-இல் மைசூர் மகாராஜா அழைத்தார். பின்னர் பரோடா மன்னர் புராணக் காட்சிகள் பதினான்கை வரையுமாறு கேட்டார். இப்பணிக்காக ரவிவர்மாவும் அவர் தம்பி ராஜராஜவர்மாவும் வடநாடெங்கும் பயணம் செய்தனர். சீதையும் தமயந்தியும் எந்த உடையில் இருக்க வேண்டும் என்பதே அவர்களுக்கிருந்த கேள்வி. ஊருக்கு ஊர் உடை வேறு. எல்லா ஊர்ப் பெண்களும் தம்முடையது என்று ஏற்கக்கூடியது எது? முடிவில் சேலையே நின்றது. இன்று தேவியர் படங்களில் நாம் காணும் சேலைக்கட்டு பெரும்பாலும் அவர் வகுத்த வழியில் வந்தது. படங்கள் முடிந்ததும் அவை பரோடா அரண்மனைக்குச் செல்லும் முன் திருவனந்தபுரத்திலும் பம்பாயிலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. கூட்டம் அலைமோதியது.

மைசூர் மன்னருக்காக அவர் தீட்டிய இசைவாணியர் படத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த பதினொரு பெண்கள், அவரவர் உடையில், அவரவர் கருவிகளோடு ஒரே இடத்தில் கூடியிருக்கும் படம் அது. மைசூர் ஜகன்மோகன் அரண்மனைக்குச் சுற்றுலா செல்லும் தோழியர் அதன் முன் சற்று நேரம் நின்று, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே பாருங்கள். எந்த இரண்டு முகமும் ஒன்றுபோல் இராது.

1893-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. சுவாமி விவேகானந்தர் உரையாற்றிய சர்வசமயப் பேரவை கூடியதும் அதே ஆண்டு, அதே நகரில்தான். அங்கே ரவிவர்மாவின் பத்துப் படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அரசர்களின் படங்களையோ போர்க்காட்சிகளையோ அவர் அனுப்பவில்லை. நம் நாட்டின் பல்வேறு சமூகப் பெண்களின் அன்றாட வாழ்க்கையையே வரைந்து அனுப்பினார். இரண்டு பதக்கங்கள் கிடைத்தன. ஓவியர் கடல் கடக்கவில்லை. அவர் வரைந்த முகங்கள் கடந்தன. அந்த ஆண்டிலேயே, குழந்தையை இடுப்பில் ஏந்தித் தந்தையின் வருகையைச் சுட்டிக்காட்டும் ஒரு தாயை அவர் வரைந்தார். அந்தத் தாய் வேறு யாருமல்லர், அவருடைய சொந்த மகளே.

வீடுதோறும் ஓவியம்

இதுவரை நாம் கண்ட படங்களெல்லாம் அரண்மனைகளுக்கும் மாளிகைகளுக்கும் உரியவை. ஒரு படத்தை ஒருவர்தான் வைத்துக்கொள்ள முடியும். ஏழை உழவரோ, நூற்பாலைத் தொழிலாளியோ ரவிவர்மாவின் ஓவியத்தைக் கண்ணால் காணவும் வழியில்லை. கோயிலுக்குள்ளேயே நுழைய அனுமதிக்கப்படாத மக்கள் நம் நாட்டில் வாழ்ந்த காலம் அது. இப்படங்களை ஐரோப்பாவில் அச்சிட்டு எல்லோருக்கும் கிடைக்கச் செய்யலாமே என்று மாதவராவ் முன்பே யோசனை கூறியிருந்தார். ரவிவர்மா ஒரு படி மேலே சென்றார். நம் நாட்டிலேயே அச்சகம் தொடங்கினார்.

1894-இல் பம்பாயில் அந்த அச்சகம் இயங்கத் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களும் தொழில் வல்லுநரும் வந்தனர். ஒரு படத்தில் எத்தனை நிறம் உண்டோ அத்தனை கற்கள் வேண்டும். ஒவ்வொரு கல்லிலும் அந்தந்த நிறத்துக்குரிய பகுதியை மட்டும் வரைந்து, ஒரே தாளை ஒவ்வொரு கல்லிலும் மாற்றி மாற்றி அழுத்தி எடுப்பார்கள். மயிரிழை நகர்ந்தாலும் சரஸ்வதியின் கண் கன்னத்தில் வந்து நிற்கும்! எல்லா நிறமும் ஏறிய பின் மேலே மெருகு பூசினால், எண்ணெய் ஓவியம் போலவே மின்னும். சகுந்தலையின் பிறப்பு முதலில் அச்சான படம் என்பர். பின்னர் இலட்சுமியும் சரஸ்வதியும் வந்தனர்.

அந்தப் படங்கள் இரயிலேறி நாடெங்கும் சென்றன. நம் போத்தனூர் வழியாகச் சென்னைக்கும் மலபாருக்கும் இருப்புப்பாதை 1862-லேயே அமைந்துவிட்டது அல்லவா? ரவிவர்மா படங்கள் நம் கொங்கு நாட்டு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. கண்ணாடியும் மரச்சட்டமும் போட்டு மக்கள் அவற்றை மாட்டிக்கொண்டனர். கோவைப் பெரிய கடை வீதியின் பழைய கடைகளில் கல்லாப்பெட்டிக்கு மேல் தாமரையில் நிற்கும் இலட்சுமியை நம் தாத்தாமார் பார்த்திருப்பார்கள். பொள்ளாச்சியிலும் கோபியிலும் உள்ள பழைய தொட்டிக்கட்டு வீடுகளில், வீணையேந்திய சரஸ்வதியின் சேலைமேல் உண்மையான ஜரிகையும் ஜிகினாவும் மணியும் ஒட்டி அழகுபடுத்திய படங்களை எங்களில் சிலரே கண்டிருக்கிறோம். அந்த வேலைப்பாட்டைச் செய்தவர்கள் வீட்டுப் பெண்கள். தையல் வகுப்பில் நாம் பழகும் அதே கைவேலை! ஓவியர் தொடங்கிய படத்தைப் பெயர் தெரியாத நம் பாட்டிமார் முடித்து வைத்தார்கள் என்றால் மிகையாகாது. பிற்காலத்து நாட்காட்டிப் படங்களுக்கும் இவையே மூதாதை.

ஆனால் அச்சகம் ரவிவர்மாவுக்குச் செல்வம் தரவில்லை. பம்பாயில் கொள்ளைநோய் பரவியது, தொழிலாளர் ஊரைவிட்டு ஓடினர், கடன் ஏறியது. அச்சகம் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஷ்லைக்கர் என்ற ஜெர்மானியருக்கு அதை விற்றுவிட நேர்ந்தது. ஓவியத்தில் வென்றவர் வணிகத்தில் தோற்றார். ஆயினும் அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. இந்தியத் திரைப்படத்தின் தந்தை என்று போற்றப்படும் தாதாசாகேப் பால்கே, இளமையில் அந்த அச்சகத்தில் பணியாற்றியவரே. அச்சகம் பல்லாண்டுகள் இயங்கிவந்து 1972-இல் தீக்கிரையானது.

உடன்பிறந்தோர் இருவர்

ரவிவர்மாவின் புகழைப் பேசும்போது இருவரை மறந்துவிடுகிறோம். ஒருவர் தம்பி ராஜராஜவர்மா. அவரும் சிறந்த ஓவியர். இயற்கைக் காட்சி வரைவதில் வல்லவர். அண்ணனின் படங்களில் பின்னணி தீட்டியும், பயணங்களையும் கணக்குகளையும் கடிதங்களையும் கவனித்தும் வாழ்நாள் முழுவதும் உடன் நின்றார். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு பிற்காலத்தில் நூலாக வெளிவந்தது. ரவிவர்மாவின் அன்றாட வாழ்வைப் பற்றி நாம் இன்று அறிவதில் பெரும்பகுதி அந்த நாட்குறிப்பால் அறிவதே.

மற்றொருவர் தங்கை மங்களாபாய் தம்புராட்டி. அவரும் அதே வீட்டில், அதே மாமனின் நிழலில் வளர்ந்தார். அதே கலையைக் கற்றார். அண்ணனின் உருவப்படத்தையே அவர் தீட்டியிருக்கிறார். ஆனால் அக்காலத்துப் பெண், ஊர் ஊராகச் சென்று மன்னர்களின் முன் நின்று வரைய முடியுமா? கண்காட்சிக்குப் போய்ப் பதக்கம் வாங்க முடியுமா? அண்ணனின் பெயர் உலகெங்கும் சென்றது. தங்கையின் பெயர் வீட்டு வாயிலோடு நின்றுவிட்டது. அண்ணனுக்கு வித்தை தர மறுத்தவர் ஓரிருவர். தங்கைக்கோ ஊரே கதவை மூடியிருந்தது. தூரிகையும் தாளும் தந்து, போட்டிக்கும் அனுப்பிவைக்கும் பள்ளியில் படிக்கிற நாம், மங்களாபாயை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வது கடமை.

மறைவும் பின்வந்த மதிப்பும்

1904-இல் ஆங்கில அரசு ரவிவர்மாவுக்குக் கெய்சரி இந்த் தங்கப் பதக்கம் வழங்கியது. ஆனால் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே, 1905 ஜனவரியில், தம்பி ராஜராஜவர்மா காலமானார். வலக்கையை இழந்தவர்போல் அண்ணன் ஆனார். நீரிழிவு நோயும் அவரை வாட்டியது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், தம் 58-ஆம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மறைந்தபின் அவரைக் குறை கூறியவர்களும் உண்டு. இலங்கையில் பிறந்த கலையறிஞர் ஆனந்த குமாரசாமி, இவர் ஐரோப்பிய முறையில் நம் தெய்வங்களை வரைந்தது பொருந்தவில்லை என்று கருதினார். தெய்வங்கள் நாடக மேடையில் நிற்கும் மனிதர்போல் இருக்கின்றன என்பது அத்தகையோரின் குறை. அதில் உண்மை சிறிதும் இல்லையென்று நாமும் சொல்லமாட்டோம். தஞ்சாவூர் ஓவியத்தில் உள்ள ஒரு வகை அமைதி இவற்றில் இல்லைதான். ஆயினும் மக்கள் தீர்ப்பு வேறாக இருந்தது. இந்திய அரசு 1971-இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 1979-இல் அவருடைய படைப்புகள் நாட்டை விட்டு வெளியே போகக்கூடாத கலைச்செல்வம் என்று அறிவிக்கப்பட்டன. 2013-இல் புதன் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கே வர்மா என்று பெயர் சூட்டினர். சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் கலைக்கூடத்திலும், திருவனந்தபுரத்திலும் அவருடைய மூலப்படங்கள் உள்ளன.

இவை எல்லாவற்றையும்விட எங்கள் மனத்தைத் தொட்டது ஒரு சிறு செய்தி. அவர் மறைந்தபின், 1915-இல், அவருடைய மகன் ராமவர்மா மாவேலிக்கரையில் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். இன்று அது ரவிவர்மாவின் பெயரைத் தாங்கிய நுண்கலைக் கல்லூரி. எண்ணெய் வண்ணம் குழைப்பதை இரவில் இரகசியமாகக் கற்றவரின் பெயரால், பகல் வெளிச்சத்தில், கேட்டவர்க்கெல்லாம் கற்றுத்தரும் கூடம் எழுந்தது.

நாங்கள் செய்தது

அன்புத் தோழியரே, இந்த வரலாற்றைக் கேட்ட மறுவாரம் எங்கள் ஓவிய வகுப்பில் மூடியிருந்த நோட்டுகள் திறந்தன. வெட்கத்தோடுதான் திறந்தோம். மூக்கின் ஓரத்து நிழலை எப்படிக் கொண்டுவருவது என்பதைக் கேட்டவர்களுக்குக் காட்டினோம். அவர்களில் ஒருத்தி பென்சில் தூளை விரல் நுனியால் தேய்த்து, எங்களைவிட மென்மையாக அந்த நிழலைக் கொண்டுவந்தாள். அதை அவளிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்டோம்! கண்காட்சியில் பரிசு அவளுக்கே கிடைத்தது. சிறிது வருத்தம் இருந்தது உண்மைதான். ஆனால் அவள் வரைந்த முகத்தை நின்று பார்த்தபோது, எங்கள் கைவேலையும் அதில் எங்கோ ஓரிடத்தில் இருப்பது தெரிந்தது.

இப்போது சனிக்கிழமை பிற்பகலில் கீழ் வகுப்புத் தங்கையர் சிலர் எங்களிடம் வந்து அமர்கிறார்கள். வரவேற்பறையில் இருக்கும் அன்னையின் படத்தைப் பார்த்து வரைய அவர்களுக்கு ஆசை. கண்கள் எந்தப் பக்கம் போனாலும் நம்மையே பார்ப்பது எப்படி என்று அவர்களும் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்தவரை சொல்லித் தருகிறோம். பக்கத்தில் நின்று பார்க்க வருபவர்களையும் தடுப்பதில்லை.